18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு செதுக்கு நாற்காலியின் வயதை அறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பதினைந்தாம் லூயி காலத்து நாற்காலி என்ற பெயரில் சந்தைக்கு வருபவற்றில் பல 1850-க்குப் பிறகு செய்யப்பட்டவை. அவற்றைச் செய்தவர்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. மூன்றாம் நெப்போலியனின் மனைவி பேரரசி யூஜெனிக்கு, பதினாறாம் லூயியின் அரசியான மரி அந்துவானெத்தின் மேல் பெரும் ஈடுபாடு. அந்த ஈடுபாட்டோடு பழைய அரண்மனைப் பாணியும் மறுபடி நடப்புக்கு வந்தது. பாரிஸ் பட்டறைகள் நகலை நகல் என்று சொல்லியே விற்றன. நூற்றைம்பது ஆண்டுகளில் அந்த நகல்களும் கறுத்து, உளுத்து, மூட்டு தளர்ந்து, தம்மைவிட நூறாண்டு மூத்தவற்றின் சாயலைப் பெற்றுவிட்டன.

ஆகவே முன்பக்கத்துப் பூச்செதுக்கலைப் பார்த்து வயது சொல்லாதீர்கள். செதுக்கலை ஒரு தேர்ந்த கை எந்த நூற்றாண்டிலும் திரும்பச் செய்துவிடும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தச்சர் முரடாக விட்டுவைத்த இடங்களில்தான் காலம் தன் தடத்தை வைத்திருக்கும்: இருக்கைச் சட்டத்தின் உட்புறம், காலின் அடி, மெத்தைத் துணிக்குக் கீழே உள்ள மரம். இந்த வழிகாட்டி அந்த இடங்களிலிருந்து தொடங்கி வெளியே வருகிறது.

முதலில்: எந்தக் காலத்து வடிவம்?

வடிவம் வயதை உறுதிப்படுத்தாது. ஆனால் எந்தக் காலத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதைச் சொல்லும். 1715-இல் பதினான்காம் லூயி இறந்தபோது நாற்காலிக் கால்களுக்கு இடையே குறுக்குக் கட்டைகள் இருந்தன. கைப்பிடியைத் தாங்கும் தூண் முன்காலுக்கு நேர் மேலே நின்றது. அடுத்த இருபது ஆண்டுகளில் இரண்டும் மாறின. குறுக்குக் கட்டைகள் மறைந்தன. பெண்களின் அகன்ற வளையப் பாவாடைக்கு இடம் விட்டுக் கைத்தூண் பின்னுக்குத் தள்ளி, பக்கச் சட்டத்தின் மேல் வந்து அமர்ந்தது. பதினைந்தாம் லூயி பாணியில் கால்கள் எஸ் வடிவில் வளையும். சட்டம் காலுக்குள் ஓடிக் கலப்பதுபோல் ஒரே கோடாகத் தெரியும். 1770-களில் கால்கள் நேராகி, கீழே குறுகி, நெடுக வரிப்பள்ளம் பெற்றன. காலும் சட்டமும் சேரும் இடத்தில் ஒரு சதுரக் கட்டை, அதில் ஒரு சிறு பூ. இது பதினாறாம் லூயி பாணி.

சாய்மானத்தையும் கவனியுங்கள். தட்டையான சாய்மானம் உள்ளது 'ஆ லா ரேன்'. சுவரோரம் நிறுத்தி வைக்கச் செய்தது. முதுகுக்கு ஏற்பக் குழிந்த சாய்மானம் உள்ளது 'காப்ரியோலே'. அறை நடுவே எடுத்துப் போட்டு உட்காரச் செய்தது. சுவரோர நாற்காலியின் பின்புறம் பெரும்பாலும் எளிமையாகவே விடப்பட்டது. அப்படி ஒன்றின் பின்புறத்தில் முன்புறத்துக்கு நிகரான செதுக்கல் இருந்தால், ஏன் என்று கேளுங்கள். கைப்பிடிக்குக் கீழ் திறந்திருந்தால் 'ஃபோத்தேய்', மூடி மெத்தை வைத்திருந்தால் 'பெர்ஜேர்'.

கையில் வேண்டியவை

ஒரு சிறு டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மில்லிமீட்டர் காட்டும் காலிப்பர், புற ஊதா டார்ச், மென்மையான தூரிகை, ஒரு தடித்த போர்வை. ஈரத்துணி வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

கவிழ்த்தல்

கைப்பிடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கையும் சாய்மானமும் சேரும் மூட்டுதான் இந்த நாற்காலிகளில் முதலில் விட்டுப்போவது. இரு பக்கச் சட்டங்களின் அடியில் கை கொடுத்துத் தூக்கி, போர்வையின் மேல் சாய்மானம் கீழே வரும்படி மெதுவாகப் படுக்கவையுங்கள். அடியில் கறுப்புத் தூசித் துணி அடித்திருந்தால் அதன் ஒரு மூலையை மட்டும் ஆணி நீக்கித் திறந்தால் போதும். விற்பவர் அதற்கு அனுமதிக்காவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. உட்புறம் பார்க்காமல் மேற்கொண்டு சொல்வதெல்லாம் ஊகமாகத்தான் இருக்கும்.

மரம்

பாரிஸில் நாற்காலிச் சட்டத்துக்கு வழக்கமான மரம் பீச். வண்ணம் பூசவோ தங்க ரேக்கு ஒட்டவோ இருந்தால் பெரும்பாலும் இதுதான். மெழுகு மட்டும் தேய்த்து மரமாகவே காட்ட விரும்பிய இடத்தில் வால்நட். லியோன் முதலிய மாகாண நகரங்களில் வால்நட் மிகுதி. லியோனில் பணிபுரிந்த பியேர் நொகாரேயின் நாற்காலிகள் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நூற்றாண்டின் கடைசியில் மஹோகனியும் வருகிறது.

பீச் மரத்தின் சட்டத்தில் லென்ஸ் வைத்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் பழுப்புப் புள்ளிக்கோடுகள் நெருக்கமாகத் தெரியும். வால்நட்டில் அவை இரா. மாறாக, துளைகள் கருங்கோடுகளாக இழையோடு நீண்டு கிடக்கும். நாற்காலி தேக்கிலோ ஈட்டியிலோ இருந்தால் அது பிரான்சில் செய்யப்பட்டதில்லை. புதுச்சேரிப் பழைய வீடுகளிலிருந்து வெளிவரும் 'லூயி' நாற்காலிகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவை உள்ளூர்த் தச்சரின் கைவேலை. அவற்றுக்கென்று தனி மதிப்பு உண்டு, அந்தப் பெயரிலேயே வாங்குங்கள்.

ரம்பமும் இழைப்புளியும் விட்ட தடம்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். டார்ச்சைச் சட்டத்தின் உட்புறத்தில் கிடைமட்டமாகச் சாய்த்துப் பிடியுங்கள். கைரம்பத்தின் தடம் நேர்கோடாக இருந்தாலும் இடைவெளி ஒழுங்கற்றிருக்கும். கோணமும் இடையிடையே மாறும். வளைந்த கோடுகள் தெரிந்தால் வட்ட ரம்பம். அது மரப்பட்டறைகளில் பரவலானது 19-ஆம் நூற்றாண்டில். வளைவு நெடுக ஒரே இடைவெளியில், ஒரே கோணத்தில், அச்சடித்ததுபோல் நேர்கோடுகள் இருந்தால் பட்டை ரம்பம். பட்டை அலகின் இரு முனைகளை முறியாதபடி இணைத்து வளையமாக்கும் வழி 1840-களில்தான் பிரான்சில் கைகூடியது. ஆகவே பட்டை ரம்பத் தடம் உள்ள சட்டம் 18-ஆம் நூற்றாண்டினது ஆகாது. ஒரு சட்டத்தில் மட்டும் அது இருந்தால் பழுதுபார்த்தபோது மாற்றியிருக்கலாம். நான்கிலும் இருந்தால் கேள்விக்கு இடமில்லை.

அடுத்து மூட்டு. ஒரு கட்டையின் முனையில் நாக்குபோல் வெட்டிய கழுந்தை மற்றதன் துளையில் செருகி, குறுக்கே மர ஆணி அடித்து நிறுத்தியிருப்பார்கள். அந்த மர ஆணிகள் கையால் பிளந்து சீவியவை. முழு வட்டமாக இரா. பல பக்கம் கொண்டு, ஒரு முனை சற்றுக் குறுகியிருக்கும். இருநூறு ஆண்டுகளில் சுற்றியுள்ள மரம் குறுக்குவாட்டில் சுருங்குகிறது, ஆணி நீளவாட்டில் சுருங்குவதே இல்லை எனலாம். ஆகவே ஆணியின் தலை மேற்பரப்பிலிருந்து நூலளவு துருத்தி நிற்கும். விரலால் தடவினால் உணரலாம். கச்சிதமான வட்டத்தில், மேற்பரப்போடு சமமாக அமர்ந்த ஆணிகள் இயந்திரத்தில் உருட்டியவை.

பின்காலும் சாய்மானத்தின் பக்கத் தூணும் ஒரே மரத்துண்டாக இருக்க வேண்டும். இருக்கை மட்டத்தில் ஒட்டுக்கோடு தெரிந்தால் கால் முறிந்து புதிதாக ஒட்டப்பட்டிருக்கிறது. இது மதிப்பைக் கணிசமாகக் குறைக்கும் பழுது. நான்கு மூலையிலும் முக்கோணக் கட்டைகள் திருகாணியோடு இருந்தால் அவை பின்னால் சேர்த்த முட்டுகள். அவற்றுக்குப் பின்னே உடைந்த கழுந்து ஒளிந்திருக்கலாம்.

பதினாறாம் லூயி பாணியின் கடைசல் காலுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. காலிப்பரால் ஒரே உயரத்தில் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். மரம் ஆண்டு வளையத்தின் போக்கில் அதிகமாகவும் வளையத்துக்குக் குறுக்கே குறைவாகவும் சுருங்கும். ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள பழைய கால் அரை மில்லிமீட்டரோ சற்று மேலோ நீள்வட்டமாகியிருக்கும். எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே எண் வந்தால் அது ஐயத்துக்குரியது. சட்டங்களின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். மெட்ரிக் முறைக்கு முன் பாரிஸ் தச்சர் வேலை செய்தது 27.07 மில்லிமீட்டர் கொண்ட அங்குலத்தில். பன்னிரண்டு அங்குலம் ஓர் அரசரடி, அதாவது 324.8 மில்லிமீட்டர். முக்கிய அளவுகள் எல்லாமே முழுச் சென்டிமீட்டரில் விழுந்தால் யோசிக்க வேண்டும்.

ஆணித் துளைகளும் மெத்தையும்

இருநூற்றைம்பது ஆண்டுகளில் ஒரு நாற்காலிக்குப் பலமுறை துணி மாற்றியிருப்பார்கள். சட்டத்தின் விளிம்பு ஆணித் துளைகளால் சல்லடையாகியிருக்க வேண்டும். பழைய துளைகள் சதுரமாக இருக்கும், கையால் அடித்த ஆணி சதுரத் தண்டு கொண்டது என்பதால். வட்டத் துளைகள் கம்பியாணியால் வந்தவை. அவை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு உரியவை. வட்டத் துளைகள் மட்டுமே, அதுவும் ஒன்றிரண்டு வரிசையே இருந்தால், சட்டம் இளமையானது.

இருக்கையில் ஸ்பிரிங் இருந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். மெத்தையில் ஸ்பிரிங் 19-ஆம் நூற்றாண்டில் வந்த பழக்கம். பழைய சட்டத்தில் பிற்காலத்தவர் அதைப் பொருத்தியிருப்பது மிகச் சாதாரணம். அசல் முறையில் நெருக்கமாகப் பின்னிய பட்டைகள், மேலே முரட்டுத் துணி, அதன் மேல் குதிரை முடி. ஸ்பிரிங்குக்கு உயரம் வேண்டி சட்டத்தின் மேலோ அடியிலோ மரப்பட்டி ஒட்டியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். மெத்தையைப் பிரிக்கும்போது ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு சிறு துண்டை உறையில் போட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதிவையுங்கள். ஆணித் தலைக்கடியில் சிக்கிய இரண்டு இழை நூல்கூட முதல் துணியின் நிறத்தைச் சொல்லிவிடும்.

முத்திரை

பாரிஸ் தச்சர் சங்கம் 1743-இல் வகுத்த விதிகள் 1751-இல் பாரிஸின் உயர் நீதிமன்றமான பார்லமானில் பதிவாயின. அதன்படி ஆசான், அதாவது சங்கம் ஏற்ற தலைமைத் தச்சர், ஒவ்வொருவரும் தம் பெயர் பொறித்த இரும்பு அச்சால் வேலையில் முத்திரையிட வேண்டும். 1791-இல் சங்கங்கள் ஒழிக்கப்பட்டதோடு கட்டாயமும் போயிற்று. நாற்காலியில் இது பொதுவாக முன்சட்டம் அல்லது பின்சட்டத்தின் அடியிலோ உட்புறத்திலோ இருக்கும். தில்யார், எர்த்தோ, 1761-இல் ஆசானான தெலனுவா, 1765-இல் ஆசானான ஜோர்ஜ் ஜாகோப், 1769-இல் ஆசானான செனே ஆகிய பெயர்கள் விலையைப் பலமடங்கு ஏற்றுபவை. ஏற்றுவதால்தான் போலி முத்திரையும் இவர்கள் பெயரில் அதிகம்.

அசல் அச்சு குளிர்ந்த இரும்பைச் சுத்தியலால் அடித்து இறக்கியது. லென்ஸில் பார்த்தால் எழுத்தின் அடியில் மர இழைகள் நசுங்கிக் கிடக்கும், அறுபட்டிரா. குழியின் உட்பக்கமும் சுற்றியுள்ள மரமும் ஒரே அளவு கறுத்திருக்கும். எழுத்தின் ஓரம் கருகியிருந்தால் சூடு வைத்தது. உள்ளே மரம் வெளிறியிருந்தால் அண்மையில் அடித்தது. ஆணித் துளையின் மேல் எழுத்து ஏறியிருக்கிறதா, எழுத்தின் மேல் துளை ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய முத்திரையைப் பிற்கால ஆணிகள் வெட்டிச் சென்றிருக்கும். தலைகீழாக இருந்தால் பதில் தெரிந்துவிட்டது.

முத்திரை இல்லாதது குறையல்ல. 1743-க்கு முந்தியவை, அரசப் பட்டறையில் செய்தவை, சங்கத்தின் கட்டுக்கு வெளியே ஃபோபூர் சேன்-அந்துவான் பகுதியில் வேலை செய்தவர்களுடையவை பெரும்பாலும் பெயரின்றியே இருக்கும். பழுதுபார்த்தவர் தம் முத்திரையை இட்டதும் உண்டு. முத்திரை, மரச்சட்டத்தைச் செய்தவரைத்தான் குறிக்கிறது. செதுக்கியவர், தங்கம் பூசியவர், மெத்தை தைத்தவர் வேறு வேறு சங்கத்தார். அவர்கள் பெயர் மரத்தில் இராது.

வெர்சாய் அரண்மனையின் கிரீடம் வைத்த 'டபிள்யூ' சூட்டுக்குறி இருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். 1793 ஆகஸ்ட் முதல் ஓராண்டு நடந்த ஏலத்தில் அரண்மனைச் சாமான்கள் 17,000-க்கும் மேற்பட்ட தொகுதிகளாக விற்கப்பட்டு உலகெங்கும் சிதறின. ஆகவே அரசக் குறியுள்ள நாற்காலி எங்கும் கிடைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மையே போலிக்கும் வாசல். 2016-இல் வெளிவந்த வழக்கில், வெர்சாய் அரண்மனையே அரசவை நாற்காலிகள் என்று போலிகளை வாங்கியிருந்தது தெரியவந்தது. 2025-இல் தீர்ப்பும் வந்தது. புதுப்பூச்சுக்குப் பழமைச் சாயல் தர அதிமதுரச் சாறு பூசியிருந்தது அப்போது செய்திகளில் பதிவானது. அரசக் குறி இருந்தால் ஆவணத்தில் எத்தனை நாற்காலிகள் செய்யச் சொல்லப்பட்டன, இன்று எத்தனை எங்கெங்கே உள்ளன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். செய்ததைவிட இருப்பது கூடுதலாக இருந்தால் சில போலி.

செதுக்கலும் தங்கமும்

இப்போதுதான் முன்பக்கம். இடப்பக்கப் பூவையும் வலப்பக்கப் பூவையும் ஒப்பிடுங்கள். கைவேலையில் இதழின் சாய்வு, ஆழம், உளி நின்ற இடம் சற்றே மாறும். பிரதியெடுக்கும் இயந்திரத்தில் வந்தவை கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்திருக்கும். பள்ளங்களின் அடி உருண்டையாகவும் ஒரே ஆழத்திலும் இருக்கும். செதுக்கல் சட்டத்தின் பரப்பைவிட மேலெழுந்து நிற்க வேண்டும். பரப்புக்குள்ளே குடைந்து மட்டும் செய்திருந்தால், எளிய பழைய நாற்காலியில் பின்னால் யாரோ பூ வெட்டியிருக்கிறார்கள்.

தங்கப்பூச்சில் ஒரு சிறு சிதைந்த இடத்தைத் தேடி லென்ஸ் வையுங்கள். மரம், வஜ்ஜிரத்தில் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை) குழைத்த வெண்சுண்ணம் பல பூச்சு, மஞ்சள் காவி, செங்களிமண், அதன்மேல் தங்க ரேக்கு என்று அடுக்கு தெரிய வேண்டும். ரேக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் கோடும் தெரியும். சுண்ணம் பூசியபின் மழுங்கிய இலை நரம்புகளைக் கொக்கிக் கருவியால் மறுபடி கீறி எடுப்பது பாரிஸ் வேலையின் தனி அழகு. அது சுண்ணத்தில் உள்ளதே தவிர மரத்தில் இல்லை, சுரண்டினால் போய்விடும். பழுப்பேறி மணல்போல் தெரிந்தால் வெண்கலப் பொடி வண்ணம். பிற்காலத்தில் மேலே அடித்தது.

ஈரத்துணி வேண்டாம் என்றது இதனால்தான். இந்த அடுக்கு முழுவதையும் பிடித்து நிறுத்துவது நீரில் கரையும் பசை. ஒருமுறை ஈரத்தால் துடைத்தால் தங்கம் துணியோடு வரும். உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள்.

மெழுகு மட்டும் பூசிய பீச் நாற்காலி கிடைத்தால் செதுக்கலின் ஆழ்ந்த மூலைகளில் வெள்ளைத் துணுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒருகாலத்தில் தங்கமோ வண்ணமோ பூசியிருந்ததைப் பின்னாளில் சுரண்டியிருக்கிறார்கள். புற ஊதா ஒளியில் அரக்கு வார்னிஷ் ஆரஞ்சாக ஒளிரும். நாற்காலிகளில் அது பரவலானது 1800-க்குப் பின். ஆகவே அது மேற்பூச்சின் வயதை மட்டுமே காட்டுகிறது.

உளு

வண்டு வெளியேறிய துளை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில், மேற்பரப்புக்கு நேர் குத்தாக இருக்கும். மேற்பரப்பில் நீளவாட்டில் வாய்க்கால்போல் திறந்து கிடக்கும் பாதை இருந்தால், உளுத்த பழைய மரத்தை எடுத்து அறுத்துப் புதிதாக ஏதோ செய்திருக்கிறார்கள். புழு ஒருபோதும் வெளிச்சத்தில் பாதை போடாது.

துளையோரம் கூர்மையாக, கீழே வெளிர்மாவு கொட்டினால் உயிருள்ள உளு. தங்கம் பூசியதற்கு எண்ணெயில் கரைந்த மருந்தோ மண்ணெண்ணெயோ அடிக்காதீர்கள். சுண்ணம் கறை பிடித்து உரியும். காற்றுப் புகாத உறைக்குள் ஆக்சிஜனை 0.5 சதவீதத்துக்குக் கீழ் இறக்கி மூன்று நான்கு வாரம் வைப்பதுதான் அருங்காட்சியகங்கள் கைக்கொள்ளும் வழி. அதன்பின் வைக்கும் அறையில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்தில் நிலையாக இருக்கட்டும். பகலில் ஏசி போட்டு இரவில் நிறுத்துவது, ஏசியே இல்லாததைவிடக் கெடுதல். மரம் தினமும் விரிந்து சுருங்க, சுண்ணம் விண்டு விழும்.

பாதி அசல்

முழுப் போலியைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது இது. ஒரு நல்ல நாற்காலியைப் பிரித்து, அதன் உறுப்புகளை இரண்டாகப் பகிர்ந்து, மீதியைப் புதிதாகச் செய்து ஜோடியாக்குவது பழைய வியாபார வித்தை. ஜோடியின் விலை ஒற்றையின் விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்பதே காரணம். இதற்கு ஒரே வழி, மேலே சொன்ன சோதனைகளை நான்கு சட்டத்துக்கும், நான்கு காலுக்கும், இரு கைக்கும் தனித்தனியே செய்து ஒரு தாளில் வரைபடமாகக் குறிப்பது. தச்சர் உளியால் வெட்டிய அடையாளக் கீறல்கள் ஒரு நாற்காலிக்குள் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள்.

ஆடும் மூட்டை ஒட்டுதல்

இரும்புப் பட்டையும் திருகாணியும் கூடாது. மரம் பருவத்துக்கு ஏற்ப அசையும், இரும்பு அசையாது. அடுத்த வெடிப்பு திருகாணியை ஒட்டியே வரும். எபாக்சியும் வெள்ளைப் பசையும் கூடாது, அடுத்த முறை பிரிக்க முடியாது. வஜ்ஜிரம்தான் சரி.

வஜ்ஜிர மணி ஒரு பங்குக்கு எடையில் இரண்டு பங்கு குளிர்ந்த நீர் ஊற்றி இரவு முழுதும் ஊறவிடுங்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். 70-ஐத் தாண்டினால் ஒட்டும் திறன் போய்விடும். மர ஆணியைக் குறுகிய முனையிலிருந்து தட்டி வெளியே எடுத்து, எந்தத் துளையினது என்று எண்ணிட்டு வையுங்கள். மூட்டைச் சுத்தியலால் அடித்துப் பிரிக்காமல், விரிக்கும் கிளாம்ப் வைத்து மெல்லத் தள்ளுங்கள். கழுந்தில் காய்ந்த பழைய வஜ்ஜிரத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். நீர் தங்கப்பூச்சைத் தொடக் கூடாது. கழுந்தை உளியால் சுரண்டினால் மெலிந்துபோய் மறுபடி ஆடும். ஏற்கெனவே மெலிந்திருந்தால் அதே இன மரத்தின் மெல்லிய சீவலைக் கன்னத்தில் ஒட்டித் தடிமன் கூட்டுங்கள்.

பசையில்லாமல் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். கிளாம்புகள் தயாராக இருக்கட்டும், ஏனெனில் சூடான வஜ்ஜிரம் ஒரு நிமிடத்தில் உறையத் தொடங்கும். இரு முகத்திலும் பூசி, பூட்டி, பழைய மர ஆணியைத் திரும்ப அடித்து, கிளாம்ப் வாய்க்கும் மரத்துக்கும் இடையே தோலோ தடித்த கம்பளித் துணியோ கொடுத்து இறுக்குங்கள். நான்கு காலும் சமதரையில் நிற்கின்றனவா என்று பசை உறையுமுன் சரிபாருங்கள். 24 மணி நேரம் கழித்துக் கிளாம்பை எடுக்கலாம். ஒரு வாரம் யாரும் உட்கார வேண்டாம்.